கழற்றவே முடியாத திருகாணி

நம்ம பதிவர்கள் நடுவுல ஆணின்னா ஆபீஸ் வேலைன்னு அர்த்தம். நேசமணி கான்ட்ராக்டர் புண்ணியத்துல 2001-க்கு அப்புறம் சாஃப்ட்வேர்க்காரன் அத்தனை பேரும் ஆணிதான் புடுங்கிட்டு இருக்கோம். ஆனா இந்தப் பதிவு நிஜ ஆணி பத்தினது. இன்னும் சரியாச் சொன்னா, திருகாணி. அதுலயும் கழற்ற முடியாம மாட்டிக்கிட்ட திருகாணி.

போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு டெக்சாஸ்ல இருந்து நண்பன் கூப்பிட்டான். புதுக்கோட்டைல ஒண்ணாப் படிச்சவன். அங்க போய் வீடு, கார், புல் வெட்டுற மெஷின் எல்லாம் வாங்கி முடிச்சுட்டு, கடைசியா ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கிட்டான்.

"மாப்ள, நீ மெக்கானிக்கல் தானடா படிச்ச?"

"படிச்சேன். அதுக்கும் இப்ப நான் பாக்குற வேலைக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு ஸ்குரூ கழல மாட்டேங்குது. ஐடியா சொல்லு."

விஷயம் இதுதான். துப்பாக்கி மேல ஒரு சின்னக் கண்ணாடிக் குறிகாட்டி. எட்டிப் பாத்தா சிவப்புப் புள்ளி தெரியும், புள்ளியை இலக்கு மேல வச்சுச் சுடணும். அதுக்குள்ள ஒரு பட்டன் பேட்டரி. அந்த பேட்டரிக்கான குழி குறிகாட்டியோட அடிப்பக்கம் இருக்கு, அதனால பேட்டரி மாத்தணும்னா மொத்தத்தையும் கழட்டணும். ரெண்டே ரெண்டு திருகாணி. ஒண்ணு வந்துடுச்சு. இன்னொண்ணு அசையல. நாலு தடவை முறுக்கினதுல தலையில இருக்குற குழி வழுக்கி வட்டமாப் போச்சு. ஏன் அசையலன்னா, மாட்டும்போது மரையில செவப்புப் பசை போட்டிருக்கான். கழண்டு விழுந்துடக் கூடாதாம்!

நான் வாழ்க்கைல துப்பாக்கியைத் தொட்டதில்லை. புதுக்கோட்டைக்காரனுக்குத் துப்பாக்கி புதுசு இல்லைதான். அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ட்ராப் பிரிவுல சுட்டவர். ஆனா அது பறக்குற தட்டைச் சுடுற நீளத் துப்பாக்கி, அதுல சிவப்புப் புள்ளியெல்லாம் கிடையாது. ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகள்லயும் இந்த மாதிரி குறிகாட்டிக்கு அனுமதி இல்லை. ஆக, இந்தச் சிக்கலுக்கு நம்ம ஊர்ல ஆள் தேட முடியாது.

ஆனா மாட்டிக்கிட்ட திருகாணிக்கு ஆள் இருக்கார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்க அப்பத்தாவோட தோடுதான். கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பத்தா வழுக்கி விழுந்து தலையில அடி. மறுநாள் காலைல ஸ்கேன். காதுல, மூக்குல ஒரு பொட்டு உலோகம் இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. அப்பத்தா காதுல இருந்தது தாத்தா செஞ்சு போட்ட ஏழுகல் தோடு. நாப்பது வருஷமாக் கழட்டினதே இல்லை. எண்ணெய், சோப்பு, மஞ்சள், அழுக்கு எல்லாம் மரைக்குள்ள போய் இறுகிக் கிடக்கு. ஆஸ்பத்திரியில ஒருத்தர் கட்டரைக் கொண்டு வந்து, "வெட்டிடலாம் பாட்டி, ரெண்டு நிமிஷம்"னார். அப்பத்தா ரெண்டு காதையும் கையால பொத்திக்கிச்சு. "தலையை வேணா வெட்டு, தோட்டை வெட்டாத." வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்.

சாயங்காலம் பத்தர் வந்தார். அவசரமே படல. லென்ஸ் வச்சு ரெண்டு பக்கமும் பாத்தார். தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டார். வெதுவெதுப்பான துணியால ஒத்தடம் குடுத்துட்டுக் காப்பி குடிச்சார். அப்புறம் திருகாணியைப் பிடிச்சு, கழட்டுற பக்கம் இல்லை, இறுக்குற பக்கம் ஒரு நூல் அளவு திருகினார். "என்ன பத்தரே, இன்னும் இறுக்குறீங்க?"ன்னேன். "முதல்ல பிடி விடணும் தம்பி. எந்தப் பக்கம் விட்டா என்ன?" இடது காது அஞ்சு நிமிஷத்துல வந்துடுச்சு.

வலது காது வரல. அரை மணி நேரம் பாத்துட்டு பத்தர் அப்பத்தாகிட்ட சொன்னார்: "ஆத்தா, தோட்டைத் தொட மாட்டேன். திருகாணியை மட்டும் அறுக்குறேன். திருகாணி போனா நான் செஞ்சு தர்றேன். தோடு போனா உங்க வீட்டுக்காரரு வந்து செஞ்சு தர மாட்டாரு." அப்பத்தா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் பொத்தின கையை எடுத்துச்சு.

நண்பனுக்கு நான் சொன்னதும் இதேதான். எதைக் காப்பாத்தணும், எதை இழக்கலாம்னு முதல்ல முடிவு பண்ணு. அவனுக்குச் சொல்லிட்டு போனை வச்சதுக்கு அப்புறம்தான் ஒரு கேள்வி கிளம்பிச்சு. திருகாணியை இழக்கலாம்னு இவ்வளவு சுலபமா நாம சொல்றோமே, எப்பவுமே அப்படிச் சொல்ல முடிஞ்சதா? தேட ஆரம்பிச்சேன். ஒரு வாரம் ஆபீஸ் ஆணி எல்லாம் அம்போ :-)

திருகு ஆதிகாலத்துச் சமாச்சாரம். தண்ணி இறைக்க, எண்ணெய் பிழிய ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பெரிய பெரிய மரத் திருகு இருந்திருக்கு. ஆனா ரெண்டு பொருளைச் சேத்துப் பிடிக்கிற சின்ன உலோகத் திருகாணி ரொம்பத் தாமதமா வந்தது. ஐரோப்பாவுல 15-ஆம் நூற்றாண்டுலதான் அது கண்ணுல படுது. எங்க தெரியுமா? கவசத்துலயும் துப்பாக்கியிலயும். இதைப் பத்தி விட்டோல்டு ரிப்சின்ஸ்கி 2000-ல ஒரு குட்டிப் புத்தகமே எழுதியிருக்கார். ஆயிரம் ஆண்டின் சிறந்த கருவி எதுன்னு ஒரு பத்திரிகை கேட்கப் போக, அவர் தேடித் தேடிக் கடைசியா ஸ்குரூ டிரைவர்ல வந்து நின்ன கதை.

துப்பாக்கிக்கு ஏன் திருகாணி? ஆணி அடிச்சா சுடுற அதிர்ச்சியில பிடுங்கிட்டு வந்துடும். நிரந்தரமா ஒட்டிட்டா உள்ள சுத்தம் பண்ண முடியாது. கரிமருந்து எரிஞ்சா கரி அப்பும், துரு பிடிக்கும். அதனால கெட்டியாப் பிடிக்கவும் வேணும், வேணும்போது கழலவும் வேணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர். இந்த ரெண்டையும் ஒரே பொருள்கிட்ட கேட்டதுதான் திருகாணியோட வரலாறே.

இதுக்கு ஜப்பான்ல ஒரு கதை உண்டு. 1543-ல டானேகாஷிமா தீவுல போர்ச்சுகீசியர்கள் வந்து இறங்குறாங்க. தீவுத் தலைவர் அவங்ககிட்ட ரெண்டு துப்பாக்கி வாங்கி, யாய்தா கின்பேங்கிற வாள் கொல்லர்கிட்ட இதே மாதிரி செய்யச் சொல்றார். குழாய் அடிக்கிறது அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. குழாயோட பின்பக்கத்தை அடைக்கிற மரை போட்ட மூடியிலதான் மாட்டிக்கிறார். அந்த ஊர்ல அதுவரை மரைங்கிறதே பழக்கத்துல இல்லை. அந்த வித்தையைக் கத்துக்க அவர் தன் மகளையே போர்ச்சுகீசியருக்குக் கல்யாணம் பண்ணிக் குடுத்தார்னு அந்தத் தீவுல சொல்லுவாங்க. மகள் கதை செவிவழிச் செய்திதான். மரையில மாட்டிக்கிட்டது அப்படி இல்லை, சில பத்து வருஷம் கழிச்சு எழுதி வச்ச வரலாற்றுலயே இருக்கு.

நம்ம நாட்டுக்கு வருவோம். பழைய இந்தியத் திரித் துப்பாக்கிகளை மியூசியத்துல பாத்தா ஒரு விஷயம் கவனிக்கலாம். இரும்புக் குழாயை மரக்கட்டையோட திருகாணி போட்டுப் பிடிச்சிருக்க மாட்டாங்க. தோல் வாராலயோ கம்பியாலயோ சுத்திக் கட்டியிருப்பாங்க. பழசானா அறுத்துட்டுப் புதுசாக் கட்டிக்கலாம். 17-ஆம் நூற்றாண்டு வாக்குல திருகாணி இங்கயும் புழக்கத்துக்கு வருது. ஆனா மரையை வெட்டி எடுக்கல. ஆணி மேல கம்பியைச் சுருளாச் சுத்திப் பத்த வச்சிருக்காங்கன்னு வரலாற்றாசிரியர் இர்ஃபான் ஹபீப் எழுதியிருக்கார். மரை வெட்டுற கடைசல் எந்திரம் இல்லாத ஊர்ல தட்டார் மூளை கண்டுபிடிச்ச வழி! பாக்க மரை மாதிரியே இருக்கும், ஆனா வெட்டின மரையோட பிடிப்பு வராது.

இதுக்கு நேர் எதிரா, துப்பாக்கிக்குள்ள வேணும்னே ஆணியை மாட்ட வைக்கிற வேலையும் இருந்திருக்கு. பீரங்கியை எதிரிகிட்ட விட்டுட்டு ஓட வேண்டி வந்தா, பின்னாடி மருந்துக்குத் தீ வைக்கிற துளையில ஒரு ஆணியை அடிச்சு இறக்கிட்டுப் போவாங்க. பீரங்கி அப்படியே இருக்கும், ஆனா சுட முடியாது. பிடிச்சவன் அந்த ஆணியைத் துளை போட்டு எடுக்கணும். நம்ம திருமயம் கோட்டை, சேதுபதி காலத்துல 1687-ல கட்டினது. அதோட உச்சியில பீரங்கி நிக்குது. சின்ன வயசுல அது மேல ஏறி உக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டவங்கள்ல நானும் ஒருத்தன். அடுத்த தடவை போனா அந்தத் துளையைத்தான் முதல்ல பாக்கணும். ஆணி புடுங்குறது ஒரு காலத்துல உயிர் போற வேலையா இருந்திருக்கு மக்களே.

சரி, மெயின் ரோட்டுக்கு வர்றேன். ஐரோப்பாவுல மரை வெட்டினாலும் அங்கயும் ஒரு சிக்கல். ஒவ்வொரு திருகாணியும் கையால செஞ்சது. ஒரு துப்பாக்கியோட திருகாணி இன்னொண்ணுக்குச் சேராது. ஏன், ஒரே துப்பாக்கியில இந்த ஓட்டையோட திருகாணி பக்கத்து ஓட்டைக்குச் சேராது. அப்பத்தா தோடும் அப்படித்தான், வலது காதுத் திருகாணி இடது காதுக்குப் போகாது. இந்த நிலைமையில திருகாணி மாட்டிக்கிச்சுன்னா அறுத்து எறிய மனசு வராது. கடையில இன்னொண்ணு கிடைக்காது. கொல்லர் உக்காந்து அந்த ஓட்டைக்குன்னு புதுசா ஒண்ணு செய்யணும். அதனாலதான் முறுக்கி, தட்டி, நெம்பி, தலையைச் சிதைச்சு வச்சிருப்பாங்க. பழைய துப்பாக்கி எங்கயாவது பாத்தா திருகாணித் தலையைப் பாருங்க. அந்தக் கோடு பிய்ஞ்சு போயிருந்தா, அங்க ஒருத்தன் அவசரப்பட்டிருக்கான்னு அர்த்தம்.

இதை மாத்தினவங்க ரெண்டு பேர். 1800 வாக்குல லண்டன்ல ஹென்றி மாட்ஸ்லி, ஒரே மரையைத் திரும்பத் திரும்பத் துல்லியமா வெட்டுற கடைசல் எந்திரத்தைச் செஞ்சார். அவர் பட்டறையில வேலை பாத்த ஜோசப் விட்வொர்த், 1841-ல ஒரு கணக்கு முன்வச்சார். மரையோட கோணம் 55 டிகிரி, இந்தக் குறுக்களவுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை, எல்லாரும் இதையே வெட்டுங்கன்னு. உலகத்தோட முதல் மரைத் தரம். 1864-ல அமெரிக்காவுல வில்லியம் செல்லர்ஸ், வெட்டுறதுக்குச் சுலபம்னு 60 டிகிரி கொண்டு வந்தார். ரெண்டாம் உலகப் போர்ல இந்த 55-ம் 60-ம் முட்டிக்கிச்சு. அமெரிக்க நட்டு பிரிட்டிஷ் போல்ட்ல ஏறல. அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் 1948 நவம்பர்ல அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் 60 டிகிரிக்கு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. நம்ம சமஸ்தானம் இந்தியாவோட சேந்ததும் அதே 1948-லதான், மார்ச் மாசம்.

நண்பனோட திருகாணி அந்த அங்குலக் குடும்பத்தைச் சேந்தது. குறுக்களவு சுமார் மூன்றரை மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 32 மரை. மெட்ரிக் திருகாணி அதுல சேராது. ஆனா அவன் ஊர்ல எந்தக் கடையிலயும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இந்த இடத்துலதான் எனக்கு விஷயம் பிடிபட்டுச்சு. விட்வொர்த் பண்ணின பெரிய வேலை திருகாணியைத் துல்லியமாக்கினது மட்டும் இல்லை, அதை மதிப்பில்லாததா ஆக்கினது. எப்ப அது மதிப்பில்லாததா ஆச்சோ, அப்பத்தான் அதைத் தைரியமா அறுத்து எறிஞ்சு விலை உயர்ந்த பொருளைக் காப்பாத்த முடிஞ்சது.

அடுத்தது, திருகாணி ஏன் தானாக் கழலுது? இழுவையாலன்னுதான் ரொம்ப நாள் நினைச்சாங்க. 1969-ல கெர்ஹார்ட் யுங்கர்ங்கிற ஜெர்மன் பொறியாளர் சோதனை பண்ணிக் காட்டினார். திருகாணிக்குக் குறுக்க, பக்கவாட்டுல நடக்குற குட்டிக் குட்டி நழுவல்தான் முக்கியக் காரணம். நழுவுற அந்தக் கணத்துல மரையோட உராய்வுப் பிடி விட்டுப் போகுது, திருகாணி மயிரிழை அளவு பின்னால சுத்துது. நாம நம்பிப் போடுற ஸ்பிரிங் வாஷரெல்லாம் இதுக்குப் பெருசா உதவாது. இப்ப அந்தக் கைத்துப்பாக்கியை யோசிங்க. ஒவ்வொரு தடவை சுடும்போதும் மேல்பாகம் விருட்னு பின்னால போய் அடிச்சு நின்னு முன்னால வருது. அது மேல 30, 40 கிராம் கண்ணாடிக் குறிகாட்டி உக்காந்திருக்கு. திருகாணி நிக்கிறது மேல் கீழா, ஆட்டம் முன்ன பின்ன. யுங்கர் சொன்ன அதே பக்கவாட்டு நழுவல்!

அதுக்குத்தான் பசை. அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்டு ஊர்ல ட்ரினிட்டி கல்லூரியில வேதியியல் பேராசிரியரா இருந்தவர் வெர்னான் க்ரீபில். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி முன்னாடியே ஒரு வினோதமான திரவம் கண்டுபிடிச்சு வச்சிருந்தது. காத்து பட்டா திரவமாவே இருக்கும், காத்து படலன்னா கெட்டியாயிடும். கெட்டியாகாம இருக்க எப்பவும் அதுக்குள்ள காத்தை ஊதிக்கிட்டே இருக்கணும், அதனால விக்க முடியல. க்ரீபில் 1953-ல அதைச் சாதாரணப் புட்டியில வச்சு விக்கிற மாதிரி மாத்தினார். லாக்டைட் பிறந்த கதை இதுதான். புட்டியைப் பாதிதான் நிரப்புவாங்க, மிச்சம் காத்து. நிறைய பேர் கம்பெனிக்காரன் ஏமாத்துறான்னு நினைச்சுக்குவாங்க, ஆனா அந்தக் காத்து இல்லைன்னா உள்ளயே இறுகிடும். மரை இடுக்குல காத்து இல்லை, இரும்பு இருக்கு. காத்து இல்லாததும் உலோகம் பக்கத்துல இருக்கிறதும் சேந்து திரவத்தைப் பிளாஸ்டிக்கா மாத்திடும்.

இதுல நிறக் கணக்கு ஒண்ணு உண்டு. ஊதா, சின்னத் திருகாணிக்கு. நீலம், கைக்கருவியால கழட்டலாம். சிவப்பு, கிட்டத்தட்ட 250 டிகிரி செல்சியஸ் சூடு காட்டினாத்தான் இளகும். பய புள்ள மூன்றரை மில்லிமீட்டர் திருகாணிக்குச் சிவப்பு போட்டிருக்கான்! பூட்டினவன் திரும்பத் திறக்க வேண்டி வரும்னு யோசிக்கவே இல்லை. பேட்டரி இருக்கிறது அவனுக்குத் தெரியும், அது தீரும்னும் தெரியும். நாம மட்டும் என்ன ஒழுங்கு? கமென்ட் ஒரு வரி எழுதாம கோடு எழுதிட்டு அடுத்த கம்பெனிக்குத் தாவுறவங்கதானே.

நண்பனுக்குச் சொன்ன வைத்தியம் இது. முதல்ல தோட்டாவெல்லாம் வெளிய எடுத்து, அறை காலியான்னு கண்ணாலயும் விரலாலயும் ரெண்டு தடவை பாரு. மேல்பாகத்தைத் தனியாக் கழட்டு. சரியான அளவு பிட்டை நல்லா அழுத்திப் பிடி. சால்டரிங் அயர்ன் முனையைத் திருகாணித் தலை மேல மட்டும் வச்சு ஒரு நிமிஷம் சூடு காட்டு. பத்தர் சொன்ன மாதிரி முதல்ல இறுக்குற பக்கம் லேசா, அப்புறம் கழட்டுற பக்கம். எலக்ட்ரானிக்ஸ் இருக்கு, ரொம்ப நேரம் சூடு காட்டினா அது செத்துடும். அப்பவும் வரலன்னா தலையை மட்டும் டிரில் பண்ணி எடுத்துடு. தலை போனா குறிகாட்டி முழுசா மேல வந்துடும். மிச்சம் நீட்டிக்கிட்டு நிக்கிற தண்டை, கண்ணாடி பக்கத்துல இல்லாததால தாராளமாச் சூடு காட்டி பிளையர்ல பிடிச்சுத் திருகிக்கலாம்.

ரெண்டு நாள் கழிச்சுப் படம் அனுப்பினான். குழிதான் வட்டமாப் போச்சே, சூடு காட்டியும் பிட்டு பிடிக்கல. தலையை டிரில் பண்ணிட்டான். குறிகாட்டில ஒரு கீறல் இல்லை. வெள்ளைக் காகிதத்து மேல அந்தக் குட்டித் தண்டு மட்டும், மரை முழுக்கச் செவப்புத் தூளோட.

அப்பத்தா ஸ்கேன்ல ஒண்ணும் பிரச்சினை இல்லைன்னு வந்தது. ஒரு வாரத்துல பத்தர் புதுத் திருகாணி செஞ்சு கொண்டு வந்தார். பழைய தோட்டுத் தண்டோட மரைக்குச் சேர்ற மாதிரி மூணு தடவை போட்டுப் பாத்துப் பாத்துச் செஞ்சது. அது கடையில கிடைக்கிற திருகாணி இல்லை, விட்வொர்த்துக்கு முன்னாடி உலகத்துத் திருகாணி. மாட்டி விட்டுட்டு, "ஆத்தா, மாசம் ஒரு தடவை கழட்டிப் போடுங்க"ன்னார். அப்பத்தா ஒவ்வொரு அமாவாசைக்கும் தலைக்குக் குளிச்சுட்டுக் கழட்டித் தொடைச்சுப் போட்டுக்குது. மறந்தா நான் போன் பண்ணி ஞாபகப்படுத்துறேன்.

டிஸ்கி: நம்ம நாட்டுல உரிமம் உள்ள துப்பாக்கியா இருந்தாலும் பழுது பாக்க 1959 ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேணும். அதனால தாத்தா காலத்துத் துப்பாக்கி பரண்ல இருந்தா, இதைப் படிச்சுட்டு ஸ்குரூ டிரைவர் தூக்கிடாதீங்க. தோடு, மூக்குத்தி, மிக்ஸி ஜார் எல்லாம் தாராளமா முயற்சி பண்ணலாம். உங்க வீட்டுல மாட்டிக்கிட்ட திருகாணிக் கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க :-)